ஜெர்பராவைக் கெடுப்பது உரமா, உப்பா? வட சென்னைக் குடில்களில் கரையும் உரம் பற்றிய இழை

வாசகர் கேள்வி: 4 பிப்ரவரி 2024

மாத்தூரில் சிறிய பசுமைக்குடில் ஒன்றில் தென்னை நார்க்கழிவுப் பைகளில் ஜெர்பரா வளர்க்கிறேன். பக்கத்து நிழல்வலைக் குடிலில் ஒரு வரிசை ஆந்தூரியமும் ஒரு வரிசை டென்ட்ரோபியம் ஆர்க்கிடும் உண்டு. 19:19:19 கரையும் உரத்தைச் சொட்டுநீரில் விடத் தொடங்கிய பிறகு இலைகள் அகலமாயின. ஆனால் பூக்காம்பு தளர்கிறது, இலை ஓரம் கருகுகிறது, பறித்த பூ சாடியில் மூன்று நாள்கூட நிற்பதில்லை. அலங்காரப் பூக்களின் ஆயுளை ரசாயன உரம் தின்றுவிடுகிறது என்பது என் முடிவு. மணிச்சத்து (பாஸ்பரஸ்) அதிகமுள்ள உரத்துக்கு மாறினால் பூ கூடும் என்று கடைக்காரர் சொல்கிறார். மாறலாமா?

4 பிப்ரவரி, இரவு

முடிவுக்கு வருமுன் ஒன்றைச் சொல்லுங்கள்: குடிலுக்குப் பாய்வது எந்தத் தண்ணீர்? ஆழ்துளைக் கிணறா, குடிநீர் வாரியமா, லாரியா? நீங்கள் எழுதியிருக்கும் மூன்று குறைகளும் ஒரே காரணத்தால் வந்தவையாக எனக்குத் தோன்றவில்லை. இலை ஓரம் கருகினால் பெரும்பாலும் உப்பு. காம்பு தளர்வது தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுதியாலும் வரும், வெளிச்சம் போதாமையாலும் வரும். சாடியில் நிற்காத பூவுக்கோ குடிலுக்குள் நடந்ததும் காரணமாகலாம், பறித்த பிறகு நடந்ததும் காரணமாகலாம்.

கடைக்காரர் சொன்ன மணிச்சத்து யோசனையை ஓசூர் ரோஜாக் குடில்களில் வேலை பார்த்த காலம் முதல் கேட்டுவருகிறேன். அதைத் தனியாக எழுத வேண்டும்.

5 பிப்ரவரி

மணிச்சத்துக் கணக்கு. மூட்டையின் மேல் அச்சிட்ட மூன்று எண்களில் முதலாவது தழைச்சத்து; நடுவில் இருப்பது பாஸ்பரஸின் நேரடி அளவு அன்று. பாஸ்பரஸ் பென்டாக்சைடாகக் கணக்கிட்ட அளவு. அதை 0.44ஆல் பெருக்கினால் பாஸ்பரஸ் கிடைக்கும். மூன்றாவது எண் பொட்டாசியம் ஆக்சைடு, அதை 0.83ஆல் பெருக்க வேண்டும். ஆகவே லிட்டருக்கு ஒரு கிராம் 19:19:19 கரைத்தால் தழைச்சத்து 190 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 190 பங்கு), பாஸ்பரஸ் ஏறத்தாழ 83, பொட்டாசியம் ஏறத்தாழ 158 என்று வரும். மண்ணில்லாப் பயிர் வளர்ப்புக்காகக் கலிபோர்னியாவில் ஹோக்லண்டும் ஆர்னனும் 1938இல் வகுத்த கரைசல் இன்றுவரை ஒப்பீட்டு அளவுகோலாகப் பயன்படுகிறது. அதில் தழைச்சத்து 210 பி.பி.எம்., பாஸ்பரஸ் வெறும் 31. நீங்கள் இப்போது விடும் உரத்திலேயே மணிச்சத்து தேவையைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல் இருக்கிறது. கடைக்காரர் கைகாட்டும் 12:61:0ஐ ஒரு கிராம் கரைத்தால் பாஸ்பரஸ் 268 பி.பி.எம். ஆகிவிடும். அத்தனையையும் செடி என்ன செய்யும்?

ஒன்றும் செய்யாது. உலர்ந்த இலையில் தழைச்சத்து நூற்றுக்கு மூன்று பங்கு அளவில் இருக்கும்போது, பாஸ்பரஸ் அரைப் பங்கை எட்டுவதே அரிது. மிஞ்சிய பாஸ்பேட் இரும்பையும் துத்தநாகத்தையும் செடி எடுக்கவிடாமல் தடுக்கும். சுண்ணாம்புச்சத்தோடு (கால்சியம்) சேர்ந்து சொட்டுவானில் படிவாக உட்காரும்.

"மணிச்சத்து கொடுத்தால் பூக்கும்" என்ற நம்பிக்கை வயலிலிருந்து வந்தது. செம்மண்ணும் சுண்ணாம்பு மண்ணும் பாஸ்பேட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதால், அங்கே செடியின் தேவைக்கு மேல் போட்டால்தான் செடிக்குக் கொஞ்சமாவது மிஞ்சும். நார்க்கழிவுக்கு அப்படிப் பிடித்து வைக்கும் குணம் மிகக் குறைவு. பூப்பதை உரத்தால் கட்டளையிடவும் முடியாது. செவ்வந்தியும் பாயின்செட்டியாவும் இரவின் நீளத்தைப் பார்த்துப் பூக்கின்றன; ஜெர்பராவின் பூ எண்ணிக்கையைப் பெரிதும் தீர்மானிப்பவை வெளிச்சமும் வெப்பமும். செடி ஏற்கெனவே உருவாக்கத் தொடங்கிய பூவுக்குத் தட்டுப்பாடு வராமல் பார்த்துக்கொள்வதுதான் உரத்தின் வேலை.

5 பிப்ரவரி, சற்றுப் பின்

மாற வேண்டாம்.

10 பிப்ரவரி

ஆழ்துளைக் கிணறு என்றும், டி.டி.எஸ். (நீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவு) மீட்டர் 1,450 பி.பி.எம். காட்டுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். கதையின் பெரும்பகுதி அந்த எண்ணில் இருக்கிறது.

நம் வீடுகளில் கேன் தண்ணீரைச் சோதிக்கப் பயன்படும் டி.டி.எஸ். மீட்டர் உப்பை எடைபோடுவதில்லை. தண்ணீரின் மின்கடத்து திறனை அளந்து, அதை 0.5 முதல் 0.7 வரையுள்ள ஏதோ ஒரு காரணியால் பெருக்கிக் காட்டுகிறது. எந்தக் காரணி என்பது மீட்டருக்கு மீட்டர் மாறும். எனவே குடில் வைத்திருப்பவர் மின்கடத்து திறனை நேரடியாகக் காட்டும் ஈ.சி. மீட்டரையே வாங்க வேண்டும். உங்கள் 1,450ஐத் திருப்பிக் கணக்கிட்டால் ஈ.சி. (சென்டிமீட்டருக்கு மில்லிசீமன்ஸ் கணக்கில்) 2.1க்கும் 2.9க்கும் இடையில் நிற்கிறது. ஜெர்பராவுக்கு உரமும் தண்ணீரும் சேர்ந்த கரைசலின் ஈ.சி. 1.5 முதல் 2 வரை இருந்தால் போதும். ஒரு சிட்டிகை உரம் போடுமுன்பே உங்கள் தண்ணீர் அந்த வரம்பைத் தாண்டிவிட்டது. அதன் மேல் நீங்கள் 19:19:19ஐ ஏற்றினீர்கள். செடி இப்போது நீரை உறிஞ்சவே வேர் வழியாகப் போராடுகிறது. உள்ளே போகும் சோடியமும் குளோரைடும் நீராவி வெளியேறும் இலை விளிம்பில் சேர்ந்து, அந்த இடத்தைக் கருக்குகின்றன.

இதற்குக் காரணம் உங்கள் கிணறு மட்டும் அன்று. மீஞ்சூரைச் சுற்றியுள்ள கொற்றலையாற்றுப் படுகையில் பல பத்தாண்டுகள் அளவுக்கு மீறி நீர் இறைத்ததால், கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது என்பது நீரியல் படிப்பவர்கள் எல்லோரும் அறிந்த செய்தி. எண்ணூரிலிருந்து தண்டையார்பேட்டை வரை கடலை ஒட்டிய தெருக்களில் போர்த் தண்ணீரை வாயில் வைத்தாலே தெரியும். மாதவரம், மாத்தூர்ப் பக்கம் தெருவுக்குத் தெரு வேறுபாடு உண்டு; ஆகையால் பக்கத்து வீட்டுக்காரரின் அளவை நம்பி உரம் கலக்கக் கூடாது.

19:19:19இன் இன்னொரு குணமும் இங்கே முக்கியம். அதன் தழைச்சத்தில் பாதிக்கு மேல் யூரியா வடிவில் இருக்கிறது. யூரியா கரைந்தாலும் மின்னூட்டம் பெறாது என்பதால் ஈ.சி. மீட்டர் அதைக் காண்பதே இல்லை. மீட்டரைப் பார்த்து "இன்னும் இடம் இருக்கிறது" என்று இன்னொரு கரண்டி போடுபவர் தன்னை அறியாமலேயே தழைச்சத்தைக் கூட்டிக்கொண்டிருப்பார். யூரியா முதலில் அம்மோனியமாகவும், பிறகு நுண்ணுயிர்களின் உதவியால் நைட்ரேட்டாகவும் மாற வேண்டும். புதிய நார்க்கழிவில் அந்த நுண்ணுயிர்கள் குறைவு, அம்மோனியம் தேங்கும். ஜெர்பரா நைட்ரேட்டை விரும்பும் செடி. அகன்ற, கரும்பச்சை நிறமுள்ள, மென்மையான இலையும் தளர்ந்த காம்பும் இதன் அடையாளங்கள். உங்கள் முதல் இரண்டு குறைகளும் இங்கே வந்து சேர்கின்றன என்று நினைக்கிறேன்.

11 பிப்ரவரி

கொளத்தூர் நண்பர் கேட்கிறார்: "உப்புத் தண்ணீர்தான் கிடைக்கிறது, செடியைப் பிடுங்கிப் போடவா?" வேண்டாம். வழிகள் உண்டு, எல்லாம் செலவோடு.

மழைநீர் முதன்மையானது. 2003இல் தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமானபோது எல்லோரும் நிலத்துக்குள் இறக்கக் குழி தோண்டினோம். குடில்காரருக்கு வேண்டியதோ கூரையிலிருந்து நேரே தொட்டிக்கு வரும் நீர். அதன் ஈ.சி. ஏறக்குறைய பூச்சியம். மாத்தூர்ப் போர்த் தண்ணீரின் ஈ.சி.யை நடுவாக 2.5 என்று வைத்துக்கொண்டால், அதோடு பாதிக்குப் பாதி கலந்தாலே 1.3க்குக் கீழே இறங்கும். குடிலின் பாலித்தீன் கூரையே நல்ல நீர்பிடிப்புப் பரப்பு. ஓரத்தில் வாய்க்கால்தகடு அடித்தால் போதும். முதல் மழையின் தூசியை வெளியே விட்டுவிடுங்கள்.

காட்டுப்பள்ளியில் 2010இல் தொடங்கிய மீஞ்சூர் கடல்நீர் குடிநீர் ஆலை நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் வரை தரவல்லது. வட சென்னையின் பல குழாய்களுக்கு அந்த நீர் வருகிறது. அதில் உப்பு குறைவு என்பது நல்லது, ஆனால் சுண்ணாம்புச்சத்தும் மக்னீசியமும்கூடக் குறைவு. அவற்றை நாம்தான் கொடுக்க வேண்டும். அந்த ஆலை உப்பைப் பிரிக்கப் பயன்படுத்தும் எதிர்ச்சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) சவ்வு போரானை முழுவதும் பிடிப்பதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. இந்த நீரைப் பயன்படுத்துபவர் கூடுதல் போரான் தெளிக்குமுன் யோசிக்க வேண்டும். போரானில் தேவைக்கும் நஞ்சுக்கும் நடுவே உள்ள இடைவெளி மிகச் சிறியது. குடிநீரைப் பூவுக்கு ஊற்றுவது சரியா என்ற சண்டையை யாரும் தொடங்க வேண்டாம். கோடையில் குடம் வைத்துக் காத்திருக்கும் தெருவில் நானும் இருக்கிறேன். அதனால்தான் மழைநீரை முதலில் எழுதினேன்.

வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுக்குழாயிலிருந்து வரும் நீரைச் செடிக்கு விடலாம் என்று கைப்பேசிகளில் சுற்றும் யோசனையை, உங்கள் மூல நீர் போர்த் தண்ணீர் என்றால், தயவுசெய்து பின்பற்றாதீர்கள். பிரித்தெடுத்த உப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது.

18 பிப்ரவரி

உரக் கலவை என்ன என்று பலர் கேட்டுவிட்டனர். உப்பில்லாத நீருக்கு, ஒரு லிட்டர் இறுதிக் கரைசலில்: கால்சியம் நைட்ரேட் 0.6 கிராம், பொட்டாசியம் நைட்ரேட் என்ற 13:0:45 0.4 கிராம், மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் என்ற 0:52:34 0.15 கிராம், மக்னீசியம் சல்பேட் 0.4 கிராம், அதோடு நுண்ணூட்டக் கலவை. கூட்டிப் பாருங்கள்: தழைச்சத்து சுமார் 145 பி.பி.எம்., பாஸ்பரஸ் 34, பொட்டாசியம் 190, சுண்ணாம்புச்சத்து 113, மக்னீசியம் 39. ஈ.சி. 1.6 அருகில் நிற்கும். உங்கள் தண்ணீரில் ஏற்கெனவே சுண்ணாம்பும் மக்னீசியமும் இருந்தால் அந்த இரண்டையும் குறைக்க வேண்டும். ஆய்வறிக்கை இல்லாமல் என் கலவையை அப்படியே எடுக்க வேண்டாம்.

இதை நூறு மடங்கு அடர்த்தியில் கரைத்துவைப்பவர்கள் இரண்டு தொட்டி வைத்தே ஆக வேண்டும். கால்சியம் நைட்ரேட்டும் இரும்பும் ஒன்றில். சல்பேட்டும் பாஸ்பேட்டும் மற்றதில். ஒரே வாளியில் கொட்டினால் கரைசல் கண்முன்னே பால்போல் வெளுத்து, அரை மணியில் அடியில் வெள்ளைச் சேறாகப் படியும். அது ஜிப்சமும் கால்சியம் பாஸ்பேட்டும். செடிக்குப் போக வேண்டிய சுண்ணாம்பு வாளியடியில் கிடக்க, மேலே நிற்கும் தெளிந்த நீரை ஊற்றிவிட்டு "உரம் வேலை செய்யவில்லை" என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள்.

கால்சியம் நைட்ரேட் பற்றி வட சென்னைக்கே உரிய ஓர் எச்சரிக்கை. அது காற்றின் ஈரத்தை இழுக்கும். ஓசூரில் வாய் மடித்துக் கட்டிய பை மாதக்கணக்கில் மணிமணியாகவே இருக்கும். இங்கே கடற்காற்றில் திறந்து வைத்த பை சில நாளில் கசியும், பிறகு அடியில் சர்க்கரைப்பாகாகத் தேங்கும். கசிந்த உரத்தை எடைபோட்டால் எடையில் நீரும் சேர்ந்துவிடும். இறுக்கமாக மூடும் நெகிழி வாளிக்கு மாற்றுங்கள்.

19 பிப்ரவரி

கூட்டலில் விட்டுப்போனது: மலிவு என்று பொட்டாஷ் உரமாக மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் போடுபவர்கள் கவனிக்க. அதன் எடையில் ஏறக்குறைய பாதி குளோரைடு. வயலுக்கு அது சரி. ஏற்கெனவே குளோரைடில் மூழ்கியிருக்கும் நம் தண்ணீருக்கு அது வேண்டாம். பொட்டாசியம் நைட்ரேட் அல்லது பொட்டாசியம் சல்பேட் என்ற 0:0:50 போதும்.

2 மார்ச்

ரசாயனமே வேண்டாம், பஞ்சகவ்யமும் மீன் அமிலமும் போதும் என்று காசிமேட்டிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். மீன்கழிவு அவருக்கு வாசலிலேயே கிடைக்கிறது, பொறாமையாக இருக்கிறது.

வேருக்குள் போவது நைட்ரேட், அம்மோனியம், பொட்டாசியம் போன்ற அயனிகள். மாட்டுச் சாணத்திலிருந்து வந்த நைட்ரேட்டுக்கும் மூட்டையிலிருந்து வந்த நைட்ரேட்டுக்கும் செடி வேறுபாடு பார்ப்பதில்லை. வேறுபாடு மற்ற இடங்களில் இருக்கிறது. தொழுவுரம் மண்ணின் அமைப்பையும் உயிரோட்டத்தையும் மாற்றும். மல்லிக்கும் கனகாம்பரத்துக்கும் தரையில் அது பெரிய பலம். ஆனால் சில லிட்டர் நார்க்கழிவுப் பையில் அடைபட்ட ஜெர்பராவுக்கு இன்று எவ்வளவு கிடைக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். மீன் அமிலம் வாளிக்கு வாளி மாறும். கடல் மீன் கழிவென்றால் அதிலும் உப்பு உண்டு. வடிகட்டாமல் சொட்டுநீரில் விட்டால் சொட்டுவான் அடைத்துக்கொள்ளும்.

தரையில் நட்ட செடிகளுக்கு நானே சாணமும் வேப்பம்புண்ணாக்கும் போடுகிறேன். பைகளுக்குப் போடுவதில்லை. இதில் கொள்கை ஒன்றும் இல்லை.

3 மார்ச்

மீன் அமிலம் தெளித்த குடிலுக்குள் தெருப் பூனைகள் வந்து பைகளைக் கிளறியதாக அதே காசிமேட்டுக்காரர் மறுநாளே எழுதியிருக்கிறார். இதற்கு என்னிடம் உரப் பரிந்துரை எதுவும் இல்லை.

24 மார்ச்

"மணலியில் நம் ஊர் உரத் தொழிற்சாலையே இருக்கும்போது கிலோ நூற்றுக்கணக்கில் கொடுத்து வெளிநாட்டுக் கரையும் உரம் ஏன்?" என்று திருவொற்றியூரிலிருந்து கேள்வி. நியாயமான கேள்வி, பலருக்கும் உள்ளுக்குள் இருப்பது.

மணலியில் 1966இல் நிறுவப்பட்ட மெட்ராஸ் பெர்ட்டிலைசர்ஸ் தயாரிப்பது முதன்மையாக யூரியா. நூறு கிலோவில் 46 கிலோ தழைச்சத்து கொண்ட இந்த உரம் நெல் வயலுக்காக மானிய விலையில் வருவது. அதைப் பூக்குடிலுக்குத் திருப்புவது சரியா என்ற கேள்வியைத் தள்ளிவைத்தாலும் வேதியியல் இடிக்கிறது. 2015 முதல் உள்நாட்டு யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசப்பட்டே வருகிறது. அம்மோனியம் நைட்ரேட்டாக மாறும் வேகத்தைத் தடுப்பதற்காகவே அந்தப் பூச்சு. தேங்கிய நீரில் நிற்கும் நெல் அம்மோனியத்தை மகிழ்ச்சியோடு எடுத்துக்கொள்ளும். அங்கே அந்தத் தாமதம் இலாபம். ஜெர்பராப் பையிலோ, பிப்ரவரி 10 குறிப்பில் சொன்ன அம்மோனியத் தேக்கத்தை இந்தப் பூச்சு இன்னும் நீட்டிக்கும். எண்ணெய்ப் படலம் வடிகட்டியில் வழுவழுப்பாகவும் ஒட்டும்.

நல்ல உரம், தவறான இடம்.

14 ஏப்ரல்

சாடி ஆயுளுக்கு வருகிறேன். அது மூன்றாவது குறை.

பூ மலரும் கட்டத்திலும் தழைச்சத்தை, அதுவும் அம்மோனிய வடிவில், தாராளமாகக் கொடுத்துக்கொண்டிருந்தால் விற்ற பிறகு பூ விரைவில் வாடும் என்பது தொட்டிச் செவ்வந்தியில் நன்கு அறியப்பட்ட ஒன்று. செவ்வந்திக்கு முதல் வாரங்களில்தான் தழைச்சத்துப் பசி அதிகம். அப்போது பட்டினி போட்டுவிட்டுப் பின்னால் அள்ளிக் கொட்டினால் ஈடாகாது. மொட்டில் நிறம் தெரியத் தொடங்கியதும் உரத்தை நிறுத்திவிட்டு வெறும் நீர் விடுவது நல்ல பழக்கம். இங்கே "உரம் ஆயுளைத் தின்கிறது" என்ற உங்கள் கூற்றுக்கு ஓரளவு இடமுண்டு: தின்பது காலம் தவறிய உரம். ரோஜாவிலும், சுண்ணாம்புச்சத்துப் போதாத இதழில் சாம்பல் பூஞ்சை எளிதில் ஏறும் என்பதால் பெட்டிக்குள்ளேயே பூ கெடும்.

ஜெர்பராவுக்கு மட்டும் உரத்தைக் குற்றம் சாட்டுமுன் பறிக்கும் முறையைப் பாருங்கள். ஜெர்பராக் காம்பைக் கத்தியால் வெட்டக் கூடாது. அடியில் பிடித்துப் பக்கவாட்டில் வளைத்து இழுத்தால் செடியிலிருந்து கழன்று வரும். வெட்டினால் மிஞ்சும் கட்டை அழுகிக் குருத்தைக் கெடுக்கும். கழன்று வந்த காம்பின் அடியில் கெட்டியான, செம்பழுப்பு நிறக் குதிகால் ஒன்று இருக்கும். அது நீரை இழுக்காது. சாடியில் வைக்குமுன் அதற்கு மேல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் சாய்வாக வெட்ட வேண்டும். அங்கே தெரியும் குழல்தான் நீர்ப்பாதை. சாடி நீரில் பெருகும் பாக்டீரியா அதை அடைத்தால் பூ வாடுமுன்பே கழுத்து மடியும். சாடியை நன்றாகக் கழுவி, ஆழமில்லாமல் நீர் ஊற்றி, லிட்டருக்குச் சில துளி வீட்டு பிளீச்சிங் திரவம் விடுங்கள்.

பாரிமுனை பத்ரியன் தெருவில் பூ வாங்கி மாலை கட்டுபவர்களுக்கு இந்தச் சாடிக் கவலையே இல்லை. ஒரு முகூர்த்தம் தாங்கினால் போதும். அதனால் யாருக்காக வளர்க்கிறோம் என்பதைப் பொறுத்து உரத்தை நிறுத்தும் நாளும் மாறும்.

21 ஏப்ரல்

மாத்தூர் நண்பர் அதே செடியில் அதே நாளில் பறித்த பூக்களைப் பிரித்து, ஒரு பாதியைக் குதிகாலோடும் மறுபாதியை வெட்டியும் வைத்துப் பார்த்திருக்கிறார். வெட்டியவை ஒரு வாரத்தைத் தாண்டி நின்றனவாம். உரம் இரண்டு பாதிக்கும் ஒன்றுதான். இப்படிப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் எழுதினால்தான் இழை உருப்படும்.

19 மே

வெயில் நாற்பதைத் தொடும் நாள்களுக்காக ஒரு குறிப்பு. கோடையில் செடி உப்பைவிட நீரை மிக வேகமாக எடுக்கிறது. ஏப்ரலில் கொடுத்த அதே அடர்த்தியை மே மாதமும் கொடுத்தால் பைக்குள் மிஞ்சும் நீரில் உப்பு ஏறிக்கொண்டே போகும். ஆகவே கோடையில் கரைசலை நீர்க்கச் செய்து, தடவையைக் கூட்ட வேண்டும். பைக்கு அடியில் ஒரு தட்டு வைத்து வடிநீரைப் பிடித்து அளந்து பாருங்கள். கொடுத்ததைவிட வடிந்ததன் ஈ.சி. ஒன்றுக்கு மேல் அதிகமாக இருந்தால் பையைக் கழுவும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். கொடுக்கும் நீரில் பத்திலிருந்து இருபது விழுக்காடு வடியட்டும். அது வீண் அன்று.

மேலுறையிட்டு மெதுவாகக் கரையும் குருணை உரம் பற்றி வியாசர்பாடி நண்பர் கேட்டிருந்தார். உறையில் "ஆறு மாதம்" என்று இருந்தால் அது பெரும்பாலும் 21 டிகிரி வெப்பத்துக்கான கணக்கு. வெப்பம் ஏற ஏற உரம் வெளிவரும் வேகமும் ஏறும். நம் குடிலுக்குள் அது நான்கு மாதம் தாங்கினாலே அதிகம். கத்திரி வெயிலில் ஒரே மூச்சில் கொட்டி வேரைச் சுடவும் செய்யும். பொட்டலத்தில் எழுதிய அளவில் பாதியிலிருந்து தொடங்குங்கள்.

20 மே

இதுவரை எழுதியது எல்லாம் ஜெர்பராவைச் சுற்றியே நிற்கிறது. உண்மையைச் சொன்னால், கடலோரச் சென்னைக்கு ஜெர்பரா வலிந்து கொண்டுவந்த பயிர். அதற்குப் பகலில் 20 முதல் 25 டிகிரி வேண்டும். காற்றாடியும் ஈரத்திண்டும் வைத்துக் குளிர்விக்கலாம் என்றால், அந்த முறை வறண்ட காற்றில் நன்றாக வேலை செய்யும். நம் கடற்காற்றின் ஈரத்தில் பாதிப் பலன்கூடத் தராது. எத்தனை துல்லியமாக உரம் கலந்தாலும் மே மாத ஜெர்பரா ஓசூர்ப் பூவோடு போட்டியிடாது. உங்கள் குடிலில் இங்கே பொருந்துபவை அந்த இரண்டு நிழல்வலை வரிசைகள்.

டென்ட்ரோபியத்தின் வேர் மரத்தில் ஒட்டி, மழை கழுவிக் கொண்டுவரும் சொற்ப உணவில் வாழப் பழகியது. அதற்கு ஈ.சி. ஒன்றுக்குக் கீழே இருக்கட்டும். நீர்த்த உரத்தை அடிக்கடி தெளித்து, இடையிடையே வெறும் மழைநீரால் கழுவுங்கள். கரித்துண்டின் மேலும் ஓட்டுச்சில்லின் மேலும் வெள்ளைப் பொருக்கு தெரிந்தால் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். மாவாக உதிர்ந்தால் உப்பு. வேர்நுனியின் பச்சை அதற்குப் பக்கத்தில் கருத்திருக்கும்.

ஆந்தூரியத்தில் கவனிக்க வேண்டியது சுண்ணாம்புச்சத்து. அது குறைந்தால் சிவந்த மடல் இதழின் கீழ்க் காதுப்பகுதியில் நிறம் கலைந்து, நீர் கோத்ததுபோல் ஆகிப் பிறகு பழுப்பாகும். பலர் இதைப் பூஞ்சை என்று எண்ணி மருந்து தெளிக்கிறார்கள். 19:19:19இல் சுண்ணாம்புச்சத்து துளியும் இல்லை என்பதை இங்கே நினைவுபடுத்துகிறேன்.

8 செப்டம்பர்

மழைநீருக்கு மாறிய பிறகு ஓரக்கருகல் நின்றுவிட்டது, ஆனால் இளம் இலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிகிறது என்று மாத்தூரிலிருந்து படம் வந்திருக்கிறது. இரும்புக் குறை. மூத்த இலை பச்சையாக இருந்து குருத்து மஞ்சளானால் முதலில் இரும்பைச் சந்தேகிக்க வேண்டும். மூத்த இலையின் நரம்பிடைகள் மஞ்சளானால் மக்னீசியத்தை. ஜெர்பரா இதில் மிகவும் நுணுக்கமான செடி: வேரடியில் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) 6.5ஐத் தாண்டினால் இரும்பு இருந்தும் எடுக்காது.

நீங்கள் இன்னும் பாதிப் போர்த் தண்ணீர் கலக்கிறீர்கள். அதன் பைகார்பனேட் வேரடியின் பி.எச்.சை மெல்ல ஏற்றியிருக்கும். இரும்பைக் கரைந்த நிலையில் பிடித்துவைக்கும் சேர்மங்கள் பல உண்டு; கடையில் கிடைக்கும் இ.டி.டி.ஏ. இரும்பு பி.எச். 6.5 வரைதான் நிலைத்து நிற்கும். டி.டி.பி.ஏ. 7.5 வரை தாங்கும். இ.டி.டி.எச்.ஏ. 9 வரைகூடத் தாங்கும்; கரைத்தால் தண்ணீர் ரத்தச் சிவப்பாகும், விலையும் அப்படித்தான். இரும்பை மாற்றுவது முதலுதவி. நிலையான தீர்வு, பாஸ்பாரிக் அல்லது நைட்ரிக் அமிலத்தால் நீரின் பி.எச்.சை 5.8 அளவுக்கு இறக்குவது. கையுறையும் கண்ணாடியும் அணிந்து, நீரில்தான் அமிலத்தை விட வேண்டும். அமிலத்தில் நீரை ஊற்றக் கூடாது. பாஸ்பாரிக் அமிலம் விட்டால் 0:52:34ஐ அதற்கேற்பக் குறைக்கவும். பிப்ரவரி 5 குறிப்பைப் படித்தவர்களுக்கு ஏன் என்று தெரியும்.

17 நவம்பர்

பிப்ரவரியில் "இலை ஓரம் கருகினால் பெரும்பாலும் உப்பு" என்று எழுதியதற்கு இப்போது ஓர் எல்லை போட வேண்டியிருக்கிறது. அது போர்த் தண்ணீருக்கும் கோடைக்கும் பொருந்தும். வடகிழக்குப் பருவமழையில், மழைநீரையே விடும் குடிலிலும், இளம் இலைகளின் நுனி கருகுவதாகக் கொடுங்கையூரிலிருந்தும் மாத்தூரிலிருந்தும் எழுதியிருக்கிறீர்கள். வடிநீரின் ஈ.சி. 1.4 மட்டுமே. இது உப்பு அன்று.

சுண்ணாம்புச்சத்து செடிக்குள் நீரோட்டத்தோடு மட்டுமே மேலே போகிறது. இலை நீராவியை வெளியேற்றினால்தான் அந்த ஓட்டம் நடக்கும். நாள்முழுவதும் மேகமும் ஈரப்பதமும் சூழ்ந்து, குடிலின் பக்கத் திரைகளும் இறக்கப்பட்டிருந்தால் நீராவி வெளியேறாது. தொட்டியில் எவ்வளவு கால்சியம் நைட்ரேட் இருந்தாலும் குருத்துக்குப் போய்ச் சேராது. இந்த நேரத்தில் உரத்தைக் கூட்டுவது பயனற்றது. பொட்டாசியத்தையும் அம்மோனியத்தையும் கூட்டினால் அவை சுண்ணாம்போடு போட்டியிட்டு நிலைமையை மோசமாக்கும்.

எனவே மழை விட்ட நேரங்களில் பக்கத் திரையைச் சுருட்டிக் காற்றை ஓடவிடுங்கள். உள்ளே ஒரு காற்றாடி மெதுவாகச் சுழலட்டும். காலை ஒரு தடவை நீர் போதும், மாலையில் வேண்டாம். லிட்டருக்கு ஒரு கிராம் கால்சியம் நைட்ரேட்டை வெயில் தலைகாட்டும் காலை நேரத்தில் குருத்தில் மெல்லத் தெளிக்கலாம். பூவில் படக் கூடாது, படிந்த இடம் வெள்ளைப் புள்ளியாக நின்றுவிடும்.

18 நவம்பர்

கொடுங்கையூர் நண்பருக்கு: திரையைச் சுருட்டினால் சாரல் அடிக்கிறது என்றால் காற்று வராத மேற்குப் பக்கத்தை மட்டும் திறவுங்கள். கூரை வாய்க்காலின் வாய் தொட்டிப் பக்கம்தானே திரும்பியிருக்கிறது? இந்த மாதத்து மழையைத் தெருவில் விட்டுவிட்டு ஏப்ரலில் ஈ.சி. கேட்டு எழுதினால் நான் பதில் போட மாட்டேன்.